பதக்கமும் கூலியும்



பரிசு என்னும் சொல் இளமைப் பருவத்தினர் செவிக்கு மிகவும் இனியது. ஓட்டத்தில் முதலிடம் பெற்றவனும் பேச்சுப் போட்டியில் வென்றவளும் மேடையேறிப் பரிசு பெறும்போது அரங்கம் முழுவதும் கையொலி எழுகின்றது. அந்தக் கையொலியில் மனம் மகிழாதவர் எவரும் இலர். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பரிசுப் பட்டியல்களில் கையொப்பமிட்டு வந்த எனக்கு, அப்பட்டியலைக் காணும்போதெல்லாம் இரண்டு வினாக்கள் எழுவதுண்டு. சிறந்தவர் இவர் என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உண்டு என்பது ஒன்று. உழைத்தவனுக்குப் புகழைக் கொடுத்துவிட்டால் அவனுக்குச் சேர வேண்டியவை எல்லாம் சேர்ந்துவிட்டனவா என்பது மற்றொன்று.

இவ்விரு வினாக்களுக்கும் விடை தேட இன்று உங்களை ஒரு விளையாட்டின் வரலாற்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். அது ரக்பி லீக் என்னும் பந்தாட்டம். நம் நாட்டில் அதனை ஆடுவோர் மிகச் சிலர். இங்கிலாந்தின் வட பகுதியிலும், ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரை மாநிலங்களிலும், நியூசிலாந்திலும் அது இலட்சக்கணக்கான மக்களின் உள்ளங்கவர்ந்த ஆட்டம். ஆண்டுதோறும் பருவம் முடியும்போது அந்நாட்டினர் அப்பருவத்தின் தலைசிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்துப் பதக்கம் அணிவிக்கின்றனர். அப்பதக்கங்களின் கதைக்குள் அந்த ஆட்டத்தின் கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

முதலில் ஆட்டத்தின் தோற்றத்தைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ரக்பி என்பது ஒரே ஆட்டமாகத்தான் இருந்தது. நீள்வட்ட வடிவமுள்ள பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து தரையில் அழுத்த வேண்டும். தெற்கே அதனை ஆடியவர்கள் பெரும்பாலும் உயர்தரப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள். வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ஆடியவர்களோ நிலக்கரிச் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் உழைத்த தொழிலாளர்கள். இரு சாராரும் ஒரே விதிப்படி ஆடினர். ஆனால் ஆட்டத்திற்காக அவர்கள் இழந்தது ஒன்றாக இருக்கவில்லை. செல்வர் மகன் ஒரு நாளை ஆட்டத்தில் கழித்தால் அவனுக்கு அது பொழுதுபோக்கு. சுரங்கத் தொழிலாளி ஒரு நாள் வேலையை விட்டு ஆடச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. அவன் வீட்டு அடுப்பில் அன்று அதன் குறை தெரியும்.

அங்ஙனம் இழந்த கூலியை மட்டுமேனும் ஆட்டக்காரர்களுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று வட பகுதியினர் கேட்டனர். 1893ஆம் ஆண்டில் ரக்பி சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இக்கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்தவர் 136 பேர். எதிர்த்தவர் 282 பேர். கோரிக்கை தோற்றது. பணம் பெற்று ஆடுவது ஆட்டத்தின் தூய்மைக்குக் கேடு என்பது வென்றவர்களின் வாதம். கூலி இழக்க நேராதவர்களுக்கு அத்தூய்மையைக் காப்பது எளிதாக இருந்தது என்பதையும் நாம் உடன் கருத வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 29ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டல் என்னும் விடுதியில் வட பகுதிக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடினர். பழைய சங்கத்தினின்றும் விலகி 'வட ஒன்றியம்' என்ற புதிய அமைப்பைத் தோற்றுவித்தனர். இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை தரலாம் என்பது அதன் கொள்கை. 1898இல் முறையான ஊதியமும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஆட்டக்காரன் வேறொரு தொழிலும் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை உடன் விதிக்கப்பட்டது. பின்னர் ஆட்டமும் மெல்ல மெல்ல மாறிற்று. பதினைந்து பேர் ஆடிய ஆட்டம் 1906இல் பதின்மூவர் ஆட்டமாயிற்று. 1922இல் வட ஒன்றியம் 'ரக்பி ஃபுட்பால் லீக்' என்னும் பெயரை ஏற்றது. பழைய ஆட்டம் ரக்பி யூனியன் என வழங்கலாயிற்று. ஆறு ஷில்லிங் கூலி, ஒரு விளையாட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது.

இனிக் கடல் கடந்து செல்வோம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் இதே குறை இருந்தது. 1907ஆம் ஆண்டில் அலெக் பர்டன் என்னும் ஆட்டக்காரர் ஆட்டத்தின்போது அடிபட்டு வேலைக்குச் செல்ல இயலாமல் கூலி இழந்தார். அவருக்கு ஈடு எதுவும் கிட்டவில்லை. இது கண்டு உள்ளம் கொதித்தவர் பலர். அவர்களுள் ஒருவர் பெயரைக் கேட்டால் கிரிக்கெட் வரலாறு அறிந்த மாணவர்கள் வியப்படைவர். அவர்தாம் விக்டர் டிரம்பர். கிரிக்கெட் மட்டையாளர்களுள் அழகுக்கு இலக்கணம் என்று போற்றப்படும் அதே டிரம்பர், ஜேம்ஸ் கில்டினன் என்பவருடன் சேர்ந்து ரக்பி வீரர்களின் நியாயத்திற்காக உழைத்தார். 1907 ஆகஸ்ட்டு மாதம் சிட்னியில் நியூ சௌத் வேல்ஸ் ரக்பி லீக் தோன்றியது. டிரம்பர் அதன் முதல் பொருளாளரானார்.

புதிய இயக்கத்திற்குக் கொள்கை இருந்தது. மக்களைத் திரட்டும் முகம் ஒன்று வேண்டியிருந்தது. அந்த முகமாக அமைந்தவர் ஹெர்பர்ட் ஹென்றி மெசஞ்சர். 'டாலி' என்பது அவருக்கு வழங்கிய செல்லப்பெயர். 1883இல் சிட்னியின் பால்மெயின் பகுதியில் பிறந்தவர். தந்தை படகோட்டும் போட்டிகளில் பெயர் பெற்றவர். படகு கட்டும் தொழில் செய்தவர். மெசஞ்சர் ஓடும்போது எதிரிகள் எப்பக்கம் திரும்புவது என்று அறியாது திகைப்பர் என்றும், நெடுந்தொலைவிலிருந்து அவர் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்று விழும் என்றும் அக்காலத்தவர் வியந்து பேசினர். 'தலைவன்' என்னும் பொருளில் 'தி மாஸ்டர்' என்றே மக்கள் அவரை அழைத்தனர். யூனியன் ஆட்டத்தில் அவர் புகழின் உச்சியில் இருந்தார். லீக் ஆட்டத்திற்குச் சென்றால் யூனியன் கதவு வாழ்நாள் முழுவதும் அடைபடும் என்பதை அறிந்தே அவர் சென்றார். அவர் சென்றதால் மக்களும் உடன் சென்றனர்.

அதே ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் அஞ்சலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்னும் இளைஞர், இங்கிலாந்து சென்று வட ஒன்றியத்துடன் ஆடுவதற்காக ஓர் அணியைத் திரட்டினார். நியூசிலாந்தின் புகழ்பெற்ற ரக்பி அணிக்கு 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர். கருஞ்சட்டையினர் என்பது பொருள். பணத்திற்காக ஆடப் போகும் இவர்கள் 'ஆல் கோல்ட்ஸ்', அதாவது பொற்சட்டையினர் என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. ஏளனமாகச் சூட்டிய அப்பெயரே வரலாற்றில் பெருமைப் பெயராக நிலைத்துவிட்டது. நியூசிலாந்தினரான அவ்வணியில் மெசஞ்சர் மட்டும் ஆஸ்திரேலியர். அப்பயணத்தில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவரும் அவரே. அணியைத் திரட்டிய பாஸ்கர்வில்லோ தம் முயற்சியின் பயனைக் கண்டு மகிழ நெடுநாள் வாழவில்லை. திரும்பும் வழியில், 1908 மே மாதம், பிரிஸ்பேன் நகரில் நுரையீரல் அழற்சி கண்டு உயிர் நீத்தார்.

அந்த அணியில் மற்றொருவரும் இருந்தார். லான்ஸ் டாட் என்பது அவர் பெயர். அவர் இங்கிலாந்திலேயே தங்கி விகன் கழகத்திற்காக ஆடினார். பின்னாளில் சால்ஃபோர்டு கழகத்தின் மேலாளராகி, 1930களில் அதனைப் புகழ்மிக்க அணியாக உயர்த்தினார். பி.பி.சி. வானொலியில் ஆட்டங்களை வருணித்துப் பேசுவதிலும் அவர் வல்லவர். 1942இல் சாலை விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1907இல் 'பொற்சட்டையினர்' என்று எள்ளி நகையாடப்பட்ட ஓர் அணியில் இருந்த இருவருடைய பெயர்கள், இன்று இரு நாடுகளில் இரண்டு பெரும் விருதுகளுக்குப் பெயராக விளங்குகின்றன. கூலி கேட்டவர்கள் என்று இகழப்பட்டவர்களின் பெயராலேயே பின்னோர் புகழை வழங்குகின்றனர்.

டாட் நினைவாக அமைந்த லான்ஸ் டாட் கோப்பை 1946இல் முதன்முதலாக வழங்கப்பெற்றது. இங்கிலாந்தின் சேலஞ்சு கோப்பை இறுதி ஆட்டத்தில் மிகச் சிறப்பாக ஆடியவருக்கு அது உரியது. ஆட்டத்தைக் கண்டு எழுதும் பத்திரிகையாளர்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுப்பர். முதல் கோப்பையைப் பெற்றவர் வேக்ஃபீல்டு டிரினிட்டி கழகத்தைச் சேர்ந்த பில்லி ஸ்டாட். விகன் அணி 12க்கு 11 என்று முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டாட் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. அந்த இரண்டு புள்ளிகளால் வேக்ஃபீல்டு 13க்கு 12 என்று வென்றது. பதினொன்றாக இருந்த அவர்தம் கணக்கு அவ்வுதையால் பதின்மூன்றாயிற்று. ஒரே உதை, ஒரே புள்ளி வேறுபாடு, கோப்பை அவர்களுடையதாயிற்று.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1968ஆம் ஆண்டு மே 11ஆம் நாள். இலண்டன் வெம்ப்ளி திடலில் மீண்டும் இறுதி ஆட்டம். மீண்டும் அதே வேக்ஃபீல்டு அணி. எதிரணி லீட்ஸ். இடியுடன் பெருமழை பொழிந்து திடல் குளம் போலாகிவிட்டது. வீரர்கள் ஓடுவதற்கு மாறாக வழுக்கிச் சென்றனர். அந்த நீரில் யாவரினும் மேலாக ஆடியவர் டான் ஃபாக்ஸ் என்னும் முன்வரிசை ஆட்டக்காரர். முன்வரிசை என்பது எதிரிகளுடன் நேருக்கு நேர் மோதி வழி திறக்கும் கடினமான இடம். அவர் மோதினார், பிடித்தார், பந்தை உதைத்து இருமுறை புள்ளிகளும் சேர்த்தார்.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு 7. இனி நம்பிக்கை இல்லை என்று பார்வையாளர் எண்ணிய வேளையில் வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் பந்துடன் பாய்ந்து கம்பங்களுக்கு இடையே எல்லைக் கோட்டைக் கடந்து வீழ்ந்தார். அவ்வாறு கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்துவதற்கு 'ட்ரை' என்று பெயர். அதற்கு அந்நாளில் மூன்று புள்ளிகள். கணக்கு 11க்கு 10 ஆயிற்று. ட்ரை எடுத்த அணி பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து மேலும் இரண்டு புள்ளிகள் பெறலாம். ஆகவே இவ்வுதை சரியாகச் சென்றால் வெற்றி 12க்கு 11. பந்து வைக்கப்பட்ட இடமோ கம்பங்களுக்கு நேர் எதிரே. சிறுவர்களும் தவற விடாத இடம். உதைக்க வந்தவர் டான் ஃபாக்ஸ்.

அவர் ஓடி வந்து உதைத்தார். ஈரத் தரையில் கால் சறுக்கிற்று. பந்து வலப்புறமாக விலகிச் சென்றது. ஃபாக்ஸ் அந்த நீரிலேயே மண்டியிட்டுத் தலை கவிழ்ந்தார். ஆட்டம் முடிந்தது; லீட்ஸ் வென்றது. வருணனை செய்த எட்டி வேரிங் வெற்றி பெற்றவர்களை மறந்து அந்த ஒருவருக்காகவே இரங்கிப் பேசினார். அந்நாளின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்னும் வாக்கெடுப்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது. லான்ஸ் டாட் கோப்பை டான் ஃபாக்ஸுக்கே வழங்கப்பட்டது.

அக்கோப்பையை அவர் என்ன மனத்துடன் கையில் வாங்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வந்த பரிசு அன்று அவருக்குப் பெரும் சுமையாகவே இருந்திருக்கும். ஆயினும் வாக்களித்தவர்கள் பிழை செய்தார்கள் என்று நான் கருதவில்லை. எண்பது நிமிட உழைப்பை ஒரு நொடிச் சறுக்கல் பொய்யாக்கிவிடாது. புள்ளிக் கணக்கு இறுதி உதையை மட்டும் நினைவில் வைத்தது. பரிசோ அதற்கு முன் நடந்த முழு ஆட்டத்தையும் நினைவில் வைத்தது. தேர்வு நாளன்று ஒரு வினாவில் தடுமாறிய மாணவனை அவனுடைய ஓராண்டு உழைப்பைக் கொண்டு மதிக்கும் ஆசிரியர் செய்வதும் இதுதான். கணக்குப் புத்தகம் காணத் தவறுவதைக் காண்பதே ஒரு நல்ல பரிசின் கடமை.

ஓர் ஆட்டத்திற்கே இவ்வளவு சிக்கல் என்றால், ஒரு பருவம் முழுமைக்கும் சிறந்தவரைத் தேர்ந்தெடுப்பது எத்துணை அரிது! இதற்குப் பலரும் பல முறைகளை வகுத்தனர். சிட்னியில் 1968 முதல் ராத்மன்ஸ் பதக்கம் என்ற விருது வழங்கப்பட்டது. அதில் நடுவர்களே தீர்ப்பாளர்கள். திடலுக்குள் வீரர்களுடன் ஓடி, எல்லாவற்றையும் மிக அருகிலிருந்து காண்பவர் நடுவர் அன்றோ? 1996 வரை அப்பதக்கம் நிலைத்தது. இங்கிலாந்தில் 1977இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்', அதாவது எஃகு மனிதர் என்னும் விருது தோன்றியது. லீட்ஸ் கழகத்தின் டேவிட் வார்டு அதனை முதலில் பெற்றார். 1985, 1987, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளில் எல்லரி ஹான்லி அதனை வென்றார். அதில் தொடக்கத்தில் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்தனர். 2008 முதல் சில ஆண்டுகள் உடன் ஆடும் வீரர்களே வாக்களித்தனர். 2019 முதல் முன்னாள் வீரர்கள் அடங்கிய குழு ஒவ்வோர் ஆட்டத்திற்கும் புள்ளியிட்டுத் தேர்ந்தெடுக்கின்றது.

ஆஸ்திரேலியாவில் 1980 முதல் வழங்கப்படுவது டாலி எம் பதக்கம். மெசஞ்சரின் செல்லப்பெயரையும் இறுதிப் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அமைத்த பெயர் அது. முதற்பதக்கம் சௌத் சிட்னி கழகத்தின் ராபர்ட் லாரிக்குச் சென்றது. அதன் முறை எளியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் மிகச் சிறந்தவருக்கு மூன்று புள்ளிகள், அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று. பருவம் முழுவதும் இவை கூட்டப்படும். 2023 முதல் ஓர் ஆட்டத்திற்கு இரு தீர்ப்பாளர்கள் தனித்தனியே புள்ளியிடுகின்றனர். பருவத்தின் பிற்பகுதியில் புள்ளிகளை வெளியிடாது மறைத்து வைப்பர். ஆகவே விருது விழா இரவில் ஒவ்வொரு சுற்றாக வாசிக்கும்போது முடிவு எவருக்கும் தெரியாது. 2014லும் 2016லும் இருவர் சமமாக நின்று பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். 2023இல் கேலின் போங்கா 56 புள்ளிகளும் ஷான் ஜான்சன் 55 புள்ளிகளும் பெற்றனர். ஒரு பருவத்தின் உழைப்பு ஒரே புள்ளியில் முதலிடமாகவும் இரண்டாமிடமாகவும் பிரிந்தது. தவறு செய்து தண்டனையாக ஆட்டத்தினின்றும் விலக்கப்படுபவர் புள்ளிகளை இழப்பர் என்ற விதியும் உண்டு. திறமையுடன் நடத்தையும் சேர்த்து எண்ணப்படுகின்றது.

இருந்தபோதிலும் குறை இல்லாமல் இல்லை. 1998 முதல் 2025 வரை இப்பதக்கம் பெற்றோரை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆண்ட்ரூ ஜான்ஸ், ஜானத்தன் தர்ஸ்டன், கேமரன் ஸ்மித், கூப்பர் கிராங்க், ஜேம்ஸ் டெடெஸ்கோ என்று நீளும் அப்பட்டியலில் ஏறத்தாழ எல்லாரும் பந்தை வழிநடத்தும் இடங்களிலோ, கடைக்காவல் இடத்திலோ ஆடுபவர்கள். கண்கவர் ஓட்டமும் வெற்றி தரும் உதையும் அவர்களிடமிருந்தே பிறக்கும். நடுத்திடலில் மோதி மோதி வழி திறப்பவர்களுள் 2016இல் பங்கு பெற்ற ஜேசன் டவுமலோலோ ஒருவரே விதிவிலக்கு. ஒருவனைப் பந்துடன் மடக்கி வீழ்த்துவதும், அடுத்த நொடியே எழுந்து மற்றொருவனை மடக்குவதும் கண்ணுக்கு விருந்தாகாத வேலை. அது நடவாவிட்டால் விருந்தே இல்லை. நம் சடுகுடு ஆட்டத்திலும் பாடிச் செல்பவனைப் போற்றும் கூட்டம், அவன் காலை முதலில் பற்றியவனை மறந்துவிடுவது வழக்கம். இக்குறையை ஒருவாறு போக்கவே டாலி எம் விழாவில் ஒவ்வோர் இடத்திற்கும் சிறந்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தனி விருது அளிக்கின்றனர். முன்வரிசையில் மோதுபவருக்கும் அங்கே பெயர் உண்டு.

இதுவரை முதல் வினாவைப் பற்றிப் பேசினேன். இனி இரண்டாம் வினா. புகழைக் கொடுத்துவிட்டால் போதுமா?

2003ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய வீரர்களின் சங்கத்துக்கும் தேசிய ரக்பி லீக் நிர்வாகத்துக்கும் இடையே ஊதியம் முதலான பணி நிபந்தனைகள் பற்றிய கூட்டு ஒப்பந்தத்தில் பிணக்கு ஏற்பட்டது. வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, ஆட்டத்தைக் குலைக்கவில்லை. டாலி எம் விருது விழாவுக்கு வரமாட்டோம் என்று மட்டும் உறுதி செய்தனர். மாப்பிள்ளை இல்லாத திருமணம் நடக்குமா? விழா கைவிடப்பட்டது. அவ்வாண்டுப் பதக்கம் எவர் கழுத்தையும் அலங்கரிக்கவில்லை. அப்பருவத்தில் மிக உயர்ந்து நின்ற பென்ரித் கழகத்தின் கிரெய்க் கவருக்கும் பதக்கம் கிட்டாமல் போயிற்று.

இதனைச் சிலர் நன்றியின்மை என்று கூறக்கூடும். வரலாற்றை அறிந்தவர் அங்ஙனம் கூறார். அப்பதக்கம் யார் பெயரால் வழங்கப்படுகின்றது? உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்ற இயக்கத்துக்காகத் தம் பழைய ஆட்டத்தையே துறந்து வந்த மெசஞ்சர் பெயரால் அன்றோ? 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டு விடுதியில் எழுந்த வினாவே 2003இல் சிட்னியில் மீண்டும் எழுந்தது. பதக்கத்தை மறுத்த வீரர்கள் அப்பதக்கத்தின் பெயருக்கு மாறாக நடந்தார்கள் என்று நான் கருத மாட்டேன். அப்பெயரின் பொருளை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே சொல்வேன். புகழ் என்பது நியாயமான கூலிக்கு மேலே சூட்டும் மாலை. கூலிக்கு ஈடாக அதனைக் கொடுக்க முற்பட்டால் மாலை வாடிப்போகும். அடுத்த ஆண்டே விழா மீண்டும் நடைபெற்றது. டானி புடெரஸ் பதக்கம் பெற்றார்.

இவ்விடத்தில் பழைய ரக்பி யூனியனுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். பணம் தீண்டாத தூய ஆட்டம் என்று முழங்கிவந்த அது, 1995 ஆகஸ்ட்டில் ஊதியம் பெற்று ஆடுவதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டத்திற்குப் பின் சரியாக நூறு ஆண்டுகள்! ஆறு ஷில்லிங் கேட்ட தொழிலாளியின் வாதம் வெல்ல ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அவன் அதனைக் காண உயிருடன் இல்லை. 1883இல் பிறந்த மெசஞ்சரும் 1959இலேயே மறைந்துவிட்டார்.

ஊதியமே எல்லாம் என்று முடித்தால் அதுவும் அரை உண்மையே. இரண்டு செய்திகளைக் கூறி என் உரையை நிறைவு செய்கின்றேன்.

ஜானத்தன் தர்ஸ்டன் ஆஸ்திரேலியப் பழங்குடி மரபினர். டாலி எம் பதக்கத்தை 2005, 2007, 2014, 2015 ஆகிய நான்கு ஆண்டுகளில் பெற்றவர். வேறெவரும் நான்கு முறை பெற்றதில்லை. அவர் முதற்பதக்கம் பெறுவதற்கு முந்திய ஆண்டில், 2004இல், புல்டாக்ஸ் அணியில் ஓர் இளம் மாற்று ஆட்டக்காரராக இருந்தார். அணித்தலைவர் ஸ்டீவ் பிரைஸ் காயமுற்று இறுதி ஆட்டத்தில் ஆட இயலாது போயிற்று. தர்ஸ்டனுக்கு வாய்ப்புக் கிட்டியது, அணி வென்றது. வென்றவர்களுக்கு அளிக்கும் மோதிரத்தைத் தர்ஸ்டன், அதற்கு உரியவர் இவரே என்று கருதி, ஆட இயலாத தம் தலைவருக்குக் கொடுத்துவிட்டார். தீர்ப்பாளர் எவரும் புள்ளியிடாத செயல் அது. பின்னர் வந்த நான்கு பதக்கங்களுக்கும் அதுவே அடித்தளம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

மற்றொன்று இங்கிலாந்தைச் சேர்ந்தது. ஸ்டீவ் பிரெஸ்காட் என்னும் வீரர் அரியதொரு புற்றுநோய்க்கு ஆளானார். நோயுடன் வாழ்ந்த காலத்தில் நெடுந்தொலைவு ஓடியும் நடந்தும் பிற நோயாளிகளுக்காகவும் அடிபட்ட வீரர்களுக்காகவும் நிதி திரட்டினார். 2013இல், 39ஆம் வயதில், மறைந்தார். மறு ஆண்டு முதல் எஃகு மனிதர் விருது அவர் பெயரைத் தாங்குகின்றது. விளையாடும் நாளில் அவர் அவ்விருதைப் பெற்றவர் அல்லர். பெறாதவர் பெயரே விருதின் பெயராயிற்று. 2018இல் மகளிர்க்கும் இணையான விருது ஏற்பட்டு, ஜார்ஜியா ரோச் என்னும் இளம்பெண் அதனை முதலில் பெற்றார்.

மாணவ மணிகளே, நாளை நீங்களும் பரிசு பெறுவீர்கள். சில வேளைகளில் பெறாமலும் போவீர்கள். பெற்றால், அதனைத் தீர்மானித்தவர்கள் எதனைக் கண்டார்கள், எதனைக் காணத் தவறினார்கள் என்று எண்ணிப் பார்த்து அடக்கம் கொள்ளுங்கள். பெறாவிட்டால், வெம்ப்ளியில் நீரில் மண்டியிட்டு நின்றவருக்குக் கோப்பை கிட்டியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்து பிறர்க்குப் பரிசளிக்கும் நிலைக்கு உயர்ந்தால், மாலையைக் கையில் எடுப்பதற்கு முன், அவருடைய கூலியை முழுமையாகக் கொடுத்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டாலி மெசஞ்சரின் பெயரைத் தாங்கிய பதக்கம் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.